இயற்பியல் ஆசிரியருக்கு மாணவர் போடும் மார்க்

ஒரே மாதிரியான மூன்று பல்புகளை ஒரு பேட்டரியோடு தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். மூன்றாவது பல்பின் இரண்டு முனைகளையும் நேராக இணைக்கும் ஒரு கம்பி உண்டு, அந்தக் கம்பியில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் முதல் இரண்டு பல்புகளின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? மூன்றாவது பல்பு என்ன ஆகும்?

இதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டத்துக்குத் தடையில்லாத குறுக்கு வழி கிடைத்துவிடுகிறது, அதனால் மூன்றாவது பல்பு அணைந்துவிடும். பேட்டரி 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதுவரை மூன்று பல்புகளும் தலைக்கு 4 வோல்ட் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இனி இரண்டு பல்புகளுக்குத் தலைக்கு 6 வோல்ட். வெளிச்சம் கூடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அறிமுக இயற்பியல் நடத்திய எரிக் மசூர் இந்தக் கேள்வியைத் தன் தேர்வில் வைத்தார். கூடவே, மின்சுற்றுகளுக்கான கிர்ச்சாஃப் விதிகளை வைத்துச் சமன்பாடு எழுதி மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கமான கணக்கு ஒன்றும் இருந்தது. பார்த்தால் கணக்குதான் கடினம், பல்பு கேள்வி பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. ஆனால் மாணவர்கள் கணக்கில்தான் அதிக மார்க் எடுத்தார்கள். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த பலருக்கும் சுவிட்சைப் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மசூர் மோசமான ஆசிரியர் என்று அவருடைய மாணவர்கள் யாரும் சொல்லவில்லை. 1984ல் அவர் ஹார்வர்டில் பாடம் நடத்தத் தொடங்கினார். செமஸ்டர் முடிவில் மாணவர்கள் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவங்களில் அவருக்குத் தொடர்ந்து உயர்ந்த மதிப்பீடு கிடைத்தது. கடினமான கணக்குகளையும் மாணவர்கள் போட்டார்கள். தான் நல்ல ஆசிரியர் என்று அவர் நம்ப எல்லாக் காரணமும் இருந்தது. 1990ல் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்வரை அந்த நம்பிக்கை அசையவில்லை.

அந்தக் கட்டுரை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனஸ் என்ற இருவர் 1985ல் வெளியிட்டது. பாடம் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்தபின் அதே தேர்வு என்று வைத்து, மாணவர்களின் அடிப்படைப் புரிதல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அதில் இருந்த நான்கு பேராசிரியர்கள்தான். ஒருவர் கோட்பாட்டு இயற்பியலாளர், கருத்துகளின் கட்டமைப்பை அழுத்திச் சொல்பவர். இன்னொருவர் மெனக்கெட்டுத் தயாரித்து, வகுப்பிலேயே ஏராளமான செய்முறைகளைச் செய்து காட்டுபவர், சிறந்த ஆசிரியருக்கான விருதை இரண்டு முறை வாங்கியவர். மூன்றாமவர் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுக் காட்டியே பாடம் நடத்துபவர். நான்காமவர் அறிமுக வகுப்பை அப்போதுதான் முதல்முறை எடுக்கிறார், புத்தகத்தை விட்டு அதிகம் விலகவில்லை. நால்வருமே நல்ல ஆசிரியர்கள் என்று மாணவர்கள் சொன்னவர்கள்.

நான்கு வகுப்புகளிலும் புரிதல் உயர்ந்தது கொஞ்சம்தான், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு. விருது வாங்கியவரின் வகுப்புக்கும் முதல்முறை வந்தவரின் வகுப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

மசூர் இதை முதலில் நம்பவில்லை. வேறெங்காவது அப்படி இருக்கலாம், என் மாணவர்கள் அப்படி இல்லை என்றுதான் நினைத்தார். சரி, பார்த்துவிடலாம் என்று அதே வகைக் கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று கேட்டார். இயற்பியல் கற்பித்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சொல்லவும் வேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து கேட்ட இயற்பியல் அந்தப் பெண்ணின் தலையில் ஓர் அறையில் இருந்திருக்கிறது, உலகம் எப்படி நடக்கிறது என்ற சொந்தக் கருத்து இன்னொரு அறையில் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கதவே இல்லை. அப்படியிருந்தும் ஆசிரியருக்கு நல்ல மார்க் போடுவதில் அவருக்கு ஒரு தடையும் இருந்திருக்காது, ஏனென்றால் பாடம் தெளிவாகத்தான் இருந்தது.

முதலாண்டு இயற்பியலில் இது ஏன் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது? கரிம வேதியியலுக்கு வரும் மாணவருக்குப் பென்சீன் வளையத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து எதுவும் இருக்காது. ஆனால் இயக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. நடக்கப் பழகிய நாளிலிருந்து தள்ளியும் இழுத்தும் எறிந்தும் பிடித்தும் சேர்த்த கருத்து அது. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது, ஆகவே ஓடுகிற பொருளை ஏதோ ஒரு விசை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம்புகிறோம். மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசை என்று கேட்டால், கை கொடுத்த விசை இன்னும் பந்தில் இருக்கிறது என்பார்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் அங்கே இருப்பது புவியீர்ப்பு மட்டும்தான். லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது என்று கேட்டால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே அளவு விசைதான் செலுத்தும் என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரும் லாரிதான் என்று டிக் அடிப்பார். நொறுங்குவது காரில்லையா!

இந்த மாதிரிக் கேள்விகளைத் தொகுத்து ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் 1992ல் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். விசைக் கருத்துத் தேர்வு என்று சொல்லலாம். பிறகு திருத்திய வடிவில் 30 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, கணக்கு கிடையாது. தவறான விடைகளைச் சும்மா போடவில்லை, மாணவர்கள் உண்மையாகவே நம்பும் கருத்துகளிலிருந்து எடுத்தார்கள். ஆகவே குத்துமதிப்பாக அடித்துத் தப்பிப்பது கடினம்.

1998ல் ரிச்சர்ட் ஹேக் அமெரிக்காவில் இந்த வகைத் தேர்வு எழுதிய 62 வகுப்புகளின், மொத்தம் 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்தார். அவர் கணக்கிட்ட விதம் எளிது. பாடத்துக்கு முன் ஒரு வகுப்பு 100க்கு 40 எடுத்தால், இன்னும் 60 பாக்கி இருக்கிறது. அந்த 60ல் எவ்வளவு பங்கைப் பாடம் முடியும்போது அடைத்தார்கள்? விரிவுரை மட்டுமே நடந்த 14 வகுப்புகளில் சராசரிப் பங்கு 0.23. அதாவது 40 எடுத்த வகுப்பு 54ஐத் தொடுகிறது, அவ்வளவுதான். மாணவர்களைக் கேள்வி கேட்டு, தங்களுக்குள் விவாதிக்க விட்டு, உடனுக்குடன் திருத்திய 48 வகுப்புகளில் அது 0.48. அதே 40, 69 வரை போகிறது. வித்தியாசத்தை உண்டாக்கியது மாணவர் அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான். ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதற்கு அதில் பங்கு மிகக் குறைவு.

மசூர் தன் வகுப்பை மாற்றினார். முதல் மாற்றம் திட்டமிட்டு வந்ததில்லை. ஒரு கேள்வியை விளக்கினார், முகங்களைப் பார்த்தால் புரியவில்லை. வேறு விதமாக விளக்கினார், அப்போதும் அதே முகங்கள். என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். அறை முழுக்கச் சத்தம். இரண்டே நிமிடத்தில் பலர் சரியான விடைக்கு வந்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் அதைப் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு எங்கே இடறும் என்பது மறந்துபோயிருக்கிறது, இரண்டு நிமிடத்துக்கு முன் புரிந்துகொண்ட பக்கத்து இருக்கைக்காரருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இதையே ஒரு முறையாக்கி 1991ல் தொடங்கினார். 1990ல் பழைய விரிவுரை முறையில் 0.25 ஆக இருந்த அந்தப் பங்கு, 1991ல் 0.49 ஆனது.

அப்புறம் வருகிறது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. இப்படிக் கற்றுக்கொண்ட மாணவர்களுக்கு, தாங்கள் நிறையக் கற்றோம் என்று தெரிகிறதா?

2019ல் இதே ஹார்வர்டில் லூயி டெலோரியே என்பவரும் அவருடைய சக ஆசிரியர்களும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். அறிமுக இயற்பியல் படிக்கும் 149 மாணவர்களைப் பிரித்து, ஒரு பாடத்தை ஒரு குழுவுக்கு நல்ல பேச்சாற்றல் உள்ள ஆசிரியர் விரிவுரையாக நடத்தினார். இன்னொரு குழுவுக்கும் அதே உள்ளடக்கம், அதே அச்சுத் தாள்கள். ஆனால் அங்கே மாணவர்கள் முதலில் சிறு குழுக்களாகத் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும், பிறகுதான் விடை விளக்கம். அடுத்த வகுப்பில் குழுக்களை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு கருத்துக் கணிப்பு, ஒரு சிறு தேர்வு.

தேர்வில், தாங்களே முயன்ற மாணவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். கருத்துக் கணிப்பிலோ அதே மாணவர்கள், குறைவாகவே கற்றோம் என்று எழுதினார்கள். என் இயற்பியல் வகுப்புகள் எல்லாமே இப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்ற விருப்பமும் விரிவுரை பக்கமே சாய்ந்தது.

மாணவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் உணர்ந்ததைத்தான் எழுதினார்கள். திறமையான ஒருவர் போர்டில் கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்கு வழுக்கிக்கொண்டு போகும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஆமாம், சரிதானே என்று தோன்றும். அந்த ஆமாம்தான் புரிதல் என்று நினைத்துவிடுகிறோம். நாமே முயலும்போது முட்டுகிறோம், அழிக்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் தோற்கிறோம். அந்தத் தடுமாற்றத்தைப் புரியாமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். பழைய கருத்து உடைந்து புதியது உட்காரும் நேரம் அது என்று உள்ளே இருந்து தெரிவதில்லை. தெரிய வேண்டுமானால் அந்தப் பாடம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எட்டு வருடம் முன்பு, 2011ல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிடைத்த முடிவு இன்னும் அப்பட்டமானது. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல், தலா சுமார் 270 பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், பாடம் மின்காந்த அலைகள். ஒரு பிரிவை, மாணவர்கள் உயர்ந்த மதிப்பீடு கொடுத்திருந்த அனுபவமிக்க பேராசிரியர் எடுத்தார். இன்னொரு பிரிவில் ஒரே ஒரு வாரம் மட்டும் அனுபவம் குறைந்த இளம் ஆய்வாளர் வந்து, கேள்வி கேட்டு விவாதிக்க விடும் முறையில் நடத்தினார். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் இந்த ஆய்வில் ஒருவர். அந்தப் பாடம் முடிந்தபின் வைத்த தேர்வில் பேராசிரியரின் வகுப்பு சராசரி 41 விழுக்காடு, இளைஞரின் வகுப்பு 74. ஒரு வாரப் பாடத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது, உண்மைதான். ஆனாலும் 41க்கும் 74க்கும் உள்ள தூரம் கண்ணை உறுத்துகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் நடந்தது வேறு கதை. அங்கே முதலாண்டு இயற்பியலில் பாதிக்கு மேல் மாணவர்கள் விரிவுரைக்கே வராத நிலை. தோற்பவர்கள் 10 விழுக்காட்டுக்கு மேல். ஜான் பெல்ச்சர் என்ற பேராசிரியர் முன்னின்று, வட்ட மேசைகளில் குழுவாக உட்கார்ந்து சோதனையும் கணக்கும் செய்யும் வகுப்பைக் கொண்டுவந்தார். புரிதல் தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது, தோற்பவர்கள் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் 2003ல் 150க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டு, பழைய விரிவுரை முறையையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். வகுப்புக்கே வராமல் இருந்த முறையைத் திரும்பக் கேட்டார்கள் என்று படிக்கும்போது முதலில் கோபம்கூட வரும். யோசித்தால் வராது. வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும், தெரியாததை எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும், பழக்கமில்லாத குழுவில் உட்கார வேண்டும். ஏன் என்று யாராவது அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் இதில் வெளியாள் இல்லை. கல்லூரி முதலாண்டில் எங்களுக்கு இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். ஒருவர் கணீரென்ற குரலில், தேர்வில் வரும் வரிசையிலேயே நோட்ஸ் சொல்லுவார். நாங்கள் எழுதுவோம். இன்னொருவர் மெல்லிய குரலில், லிஃப்ட் கீழே கிளம்பும் கணத்தில் உள்ளே நிற்பவரின் எடை காட்டும் கருவியில் முள் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டு அமைதியாக நிற்பார். அந்த அமைதி எங்களுக்குத் தாங்காது. செமஸ்டர் முடிவில் படிவம் வந்தது. முதல் ஆசிரியருக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக மிகச் சிறப்பு. இரண்டாமவருக்குப் பாடத் தெளிவு என்ற இடத்தில் நான் சுமார் என்று டிக் அடித்தேன். இன்று லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். நோட்ஸில் ஒரு வரிகூட வருவதில்லை. அந்த டிக்கை என்னால் இப்போது திருத்த முடியாது.

படிவத்தில் புகுந்துவிடும் வேறு சங்கதிகளும் உண்டு. 2014 கடைசியில் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இணையவழி வகுப்பு ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு துணை ஆசிரியர்கள். இருவரும் ஒரு குழுவுக்குச் சொந்த அடையாளத்திலும் இன்னொரு குழுவுக்கு மற்றவரின் அடையாளத்திலும் பாடம் எடுத்தார்கள். விடைத்தாளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தும், நேரத்தோடு கொடுத்தார் என்பதற்கு ஆண் என்று நம்பியவருக்கு 5க்கு 4.35, பெண் என்று நம்பியவருக்கு 3.55. இது இயற்பியல் வகுப்பு இல்லை. ஆனால் இயற்பியல் என்றாலே ஆண் முகம் நினைவுக்கு வரும் இடத்தில் இது குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை. கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், இந்த மதிப்பீடுகளைக் கற்பிக்கும் திறனுக்கான அளவுகோலாகப் பதவி உயர்வில் பயன்படுத்தக் கூடாது என்று 2018ல் நடுவர் தீர்ப்பளித்தார்.

நம் ஊரிலும் இந்தப் படிவத்துக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பு 2017ல் தன் மதிப்பீட்டில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை ஓர் அங்கமாக்கியது. சொல்லையே கவனியுங்கள், திருப்தி. கடையில் வாங்கிய பொருளுக்குக் கேட்பதுபோல் இருக்கிறது. பதிவு எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து நிரப்பும் படிவத்தில், இண்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி எந்த மாணவர் மனம் திறந்து எழுதுவார்?

ஆனால் இதையெல்லாம் வைத்து, மாணவர் கருத்துக்கே மதிப்பில்லை என்று ஓர் ஆசிரியர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டால் அது பெரிய அநியாயம். மாணவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. கடைசி வரிசைக்குக் குரல் கேட்கிறதா, போர்டில் எழுதுவது தெரிகிறதா, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, சந்தேகம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று சிறுமைப்படுத்துகிறாரா, பெண்பிள்ளைகளை நோக்கி ஒரு கேள்விகூடக் கேட்காமல் செமஸ்டரை முடிக்கிறாரா, நடத்தியதற்கும் தேர்வில் கேட்டதற்கும் சம்பந்தம் இருந்ததா. இவற்றுக்கு மாணவரே நேரடிச் சாட்சி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை முதல் மாதம் முழுக்க விசை என்பதையும் ஃபோர்ஸ் என்பதையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது, அந்தப் பிள்ளை சொன்னால்தான் ஆசிரியருக்குத் தெரியும். எவ்வளவு கற்றேன் என்பதற்கு மட்டும்தான் அந்தச் சாட்சியம் போதாது. அதற்கு லாரியும் காரும் போன்ற கேள்விகள் இருக்கின்றன, முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கும் காலமும் கேள்வியும் மாறினால் மாணவர் கருத்தே வேறாகிவிடும். செமஸ்டர் முடிந்தபின் வாங்கும் படிவத்தால் அந்த வகுப்பில் இருந்த ஒருவருக்கும் பயனில்லை, அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் உண்டு. மசூரின் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் மாணவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு இணையத்தில் பதில் எழுத வேண்டியிருந்தது. இரண்டு, பாடத்திலிருந்து. மூன்றாவது, படித்ததில் எது கடினமாக இருந்தது, எது குழப்பியது என்பது. அந்தப் பதில்களைப் படித்துவிட்டுத்தான் அன்று வகுப்பில் எதை எடுப்பது என்று அவர் முடிவு செய்தார். எதுவுமே குழப்பவில்லை என்று எழுதும் மாணவர், அப்படியானால் எது சுவாரசியமாக இருந்தது என்று எழுத வேண்டியிருந்தது.